"டொக்"கென்று ஒரு சத்தம்

போன வாரம் ஹாஸ்டல் மாடிப்படியில் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தான். "என்னடா ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, சுளுக்குதான். தைலம் தேச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு, அதுக்குள்ள சரியாயிடும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே வசனத்தை, ஏறக்குறைய இதே படியில் நின்று, நான் பேசியிருக்கிறேன். அவனை ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் அறுத்தேன். பாவம், தப்பிக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். நீங்கள் பாதியில் ஓடிப்போக வசதி இருக்கிறது :)

நம்ம கதை முதலில். நான் கபடி ரைடர். ஸ்கூலில் இருந்தே ஆட்டம்தான், படிப்பு அப்புறம்தான். காலேஜ் டீமில் இடது பக்கம் பாடிப்போவது என் வேலை. போன வருஷம் அக்டோபரில் இன்டர் காலேஜ் செமி ஃபைனல். போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறேன். கார்னர்காரன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். நான் உதறித் திரும்பினேன். உடம்பு நடுக்கோட்டுப் பக்கம் திரும்பியது, பாதம் மேட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. முட்டிக்குள்ளே "டொக்" என்று ஒரு சத்தம். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு நன்றாகக் கேட்டது.

வலி ஐந்து நிமிஷம் உயிர் போனது. அப்புறம் குறைந்தது. எழுந்து நடந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்பிரே அடித்தார்கள். "சுளுக்குதான்டா" என்று எட்டுப் பேர் சொன்னார்கள், அதில் ஒருத்தர்கூட டாக்டர் இல்லை. ஒரு மணி நேரத்தில் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

மறுநாள் அண்ணன் பைக்கில் வந்து ஊருக்குக் கூட்டிப்போனான். எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அண்ணனும் ஒரு காலத்தில் கபடி ஆடியவன்தான். எங்கள் பக்கத்தில் கை கால் அடிபட்டால் கட்டுப் போடுகிற வைத்தியர் வீட்டுக்குத்தான் போவோம். அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்து, "மூட்டு லேசா நழுவியிருக்கு" என்றார். முட்டை வெள்ளை, உளுந்து மாவு, சுற்றி மூங்கில் தப்பை. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலியும் போனது. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

பொங்கலுக்கு ஊரில் ராத்திரி டோர்னமென்ட். ஆடினேன். இரண்டாவது ரைடில், யாரும் என்னைத் தொடக்கூட இல்லை, சும்மா பக்கவாட்டில் திரும்பினேன். தொடை ஒரு பக்கமும் கெண்டைக்கால் ஒரு பக்கமும் போனது மாதிரி இருந்தது. விழுந்தேன். இந்த முறை எழுந்து நடக்க முடியவில்லை.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வலி போனதும் குணமாகிவிட்டது என்று முடிவு செய்தது நான்தான்.

உள்ளே என்ன அறுந்தது?

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை. "பார்த்தியா, ஒண்ணுமில்ல" என்று அம்மா கும்பிட்டாள். ஆனால் எலும்பு டாக்டர் படத்தைப் பெரிதாகப் பார்க்கவே இல்லை. என்னைப் படுக்க வைத்து முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையையும் இன்னொரு கையால் கெண்டைக்காலையும் பிடித்து, கீழ்க்காலை முன்னால் இழுத்தார். நல்ல காலில் "டக்" என்று நின்றது. அடிபட்ட காலில் நிற்கவே இல்லை, டிராயர் மாதிரி வந்தது. அரை நிமிஷச் சோதனை, லாக்மன் டெஸ்ட் என்று பேர். "ஏ.சி.எல். போயிருக்கு. எம்.ஆர்.ஐ.யில உறுதி பண்ணிக்கலாம்" என்றார்.

முட்டிக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கே கட்டியிருக்கிற இரண்டு கயிறுகளில் முன்னால் இருப்பதுதான் ஏ.சி.எல். நம்ம ஊரில் பொத்தாம்பொதுவாக "ஜவ்வு" என்கிறோமே, அதில் ஒன்று. நீளம் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர்தான். ஆனால் கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமலும், முட்டி கண்டபடி திருகாமலும் பார்த்துக்கொள்வது அதுதான். நேராக நடக்கும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. ஓடி, நின்று, திரும்பினால்தான் அதன் அருமை தெரியும். அதனால்தான் அது அறுந்த பிறகும் என்னால் நடக்க முடிந்தது, கடைக்குப் போக முடிந்தது, நானும் ஏமாந்தேன்.

அது அறுவதற்கு யாரும் வந்து மோதவேண்டியது இல்லை. பாதம் தரையில் ஊன்றியிருக்க, முட்டி உள்பக்கம் சாய்ந்து உடம்பு திரும்பினால் போதும். கபடி, கால்பந்து, கூடைப்பந்து எல்லாவற்றிலும் இதே கதை. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும், ஜவ்வு தெரியாது. "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல" என்றால் "எலும்பு உடையல" என்று மட்டும்தான் அர்த்தம்.

அக்டோபரில் என் உடம்பு மூன்று விஷயம் சொல்லியிருந்தது: "டொக்" சத்தம், ஒரு மணி நேரத்தில் வந்த வீக்கம், படியில் இறங்கும்போது முட்டி தன் பிடியில் இல்லாத மாதிரி ஓர் உணர்வு. சாதாரணச் சுளுக்கில் வீக்கம் பெரும்பாலும் மெதுவாக, மறுநாள்தான் முழுசாகத் தெரியும். சில மணி நேரத்துக்குள் முட்டி பெருத்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். அது டாக்டர் பார்க்கவேண்டிய முட்டி.

எம்.ஆர்.ஐ.யில் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ் கிழிந்திருந்தது. "இது பொங்கலுக்கு ஆடினதுல கிழிஞ்சிருக்கணும்" என்றார் டாக்டர். கயிறு அறுந்த முட்டியை வைத்துக்கொண்டு ஆடினால், ஒவ்வொரு தடவை அது நழுவும்போதும் நடுவில் இருக்கிற மெத்தைதான் நசுங்குகிறது. வருஷக்கணக்கில் இப்படிப் போனால் நாற்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானம்.

அண்ணனின் முட்டி

இந்த இடத்தில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. டாக்டர் என் அண்ணனைப் பார்த்து, "உங்களுக்கு எப்ப அடிபட்டது?" என்றார். அண்ணன் முழித்தான். "நீங்க உள்ள வரும்போது பார்த்தேன். ஏறி உட்காருங்க" என்று அவனையும் படுக்க வைத்து அதே சோதனை. அதே டிராயர்.

2011-ல் மாவட்ட செலக்ஷனுக்கு முந்தின வாரம் அண்ணனுக்கு அடிபட்டது. அப்போது நான் சின்னப் பையன். எனக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணன் பிரமாதமாக ஆடுவான், அப்புறம் ஆடவில்லை. அடிபட்டுத் தேறி வந்த பிறகு ரைடு போவான், ஆனால் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பமாட்டான். காலை ஊன்றத் தயங்குவான். "ஒரு அடிக்கே பயந்துட்டான்" என்று டீமில் சொன்னார்கள். அப்பாவும் சொன்னார். கொஞ்ச நாளில் அவனே சொல்ல ஆரம்பித்தான். உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கபடி பேச்சு வந்தால், "எனக்குப் பயம் வந்துடுச்சுடா தம்பி, அதான் விட்டுட்டேன்" என்பான். அதை ஒரு ஜோக் மாதிரிதான் சொல்லுவான்.

பதினாலு வருஷம் கழித்து ஒருத்தர் அரை நிமிஷத்தில் சொல்கிறார்: "பயம் இல்லைங்க. உங்க முட்டி நழுவுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. அது உங்களைக் காப்பாத்தியிருக்கு."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பாகிட்ட இதைச் சொல்லணும்டா" என்றான். அவ்வளவுதான். என் முட்டி அறுந்ததைவிட அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வலித்தது.

கத்தியா, பயிற்சியா?

ஏ.சி.எல். போனால் எல்லோருக்கும் ஆபரேஷன் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 2010-ல் சுவீடனில் 121 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு பாதிப் பேருக்கு உடனே அறுவை சிகிச்சை. மறுபாதிக்கு முதலில் உடற்பயிற்சி, அப்புறமும் முட்டி நழுவினால் மட்டும் அறுவை சிகிச்சை. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது இரண்டாவது குழுவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்கவே இல்லை. அண்ணனுக்கு டாக்டர் அதைத்தான் சொன்னார்: "நீங்க ஆடப்போறதில்ல. தொடையைப் பலப்படுத்துங்க, போதும்." எனக்குத் திரும்பி ஆடவேண்டும், மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. அதனால் ஆபரேஷன்.

மார்ச் மாதம் அரசு மருத்துவமனையில் செய்தார்கள். அறுந்த கயிற்றைத் தைத்து ஒட்டுவதில்லை. தொடையின் பின்பக்கத் தசைநாரில் கொஞ்சம் எடுத்து, மடித்து, எலும்பில் துளை போட்டு, புதுக் கயிறாக மாட்டுகிறார்கள். எல்லாம் சின்னச் சின்ன ஓட்டை வழியாக, கேமரா வைத்து.

ஒன்றை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் சென்னையில் கால்பந்து ஆடும் 17 வயது கல்லூரி மாணவி ஒருத்தி முட்டி ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனாள். காலில் போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்று, காலை எடுத்து, அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டோ, வைத்தியர் கட்டோ, நாமே சுற்றிய கிரேப் பேண்டேஜோ, எதுவாக இருந்தாலும் கால் விரல் மரத்தால், நீலம் பாய்ந்தால், சில்லிட்டால், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால் "விடிஞ்சதும் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். அந்த நிமிஷமே சொல்லுங்கள். கத்தினால்கூடத் தப்பில்லை.

போரடிக்கும் ஒன்பது மாதம்

ஆபரேஷன் ஒரு மணி நேர வேலை. மிச்சம் எல்லாம் நம்ம வேலை. முதல் வாரம் முழுக்க ஒரே ஒரு பயிற்சி: முட்டிக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, தொடைத்தசையை இறுக்கி அதை அழுத்தவேண்டும். மேட்டில் நாலு பேரை இழுத்துக்கொண்டு வந்தவன் நான். துண்டை அழுத்த முடியவில்லை. தசைக்கு "இறுகு" என்று சொன்னால் அது கேட்கவே இல்லை. அன்றைக்குப் பிசியோ அக்கா முன்னால் அழுதுவிட்டேன். (இதை யாரும் காலேஜில் பரப்பவேண்டாம்.)

மூன்றாவது மாதம்தான் ஆபத்தான மாதம். வலி இல்லை, வீக்கம் இல்லை, நடை சுத்தமாக இருக்கிறது. ஆனால் மாட்டிய தசைநார் உடனே ஜவ்வாக மாறிவிடாது. முதலில் உள்ளே பலவீனமாகி, புது ரத்தக்குழாய் ஊடுருவி, மெதுவாகத்தான் உறுதியாகும். நமக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும் அந்தக் கட்டத்தில் அது இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது. பொங்கலுக்கு நான் செய்த முட்டாள்தனத்தை மறுபடி செய்ய எல்லா வசதியும் அப்போது இருந்தது.

நார்வேயில் 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றைப் பிசியோ அக்கா சொன்னார். ஒன்பது மாதம் வரைக்கும், களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முட்டியில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி குறைகிறது. நாள் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடை பலம், ஒற்றைக் காலில் தாவும் தூரம் எல்லாம் நல்ல காலின் அளவில் 90 சதவீதமாவது வரவேண்டும். எனக்குப் போன வாரம் 84.

பெரிய ஆட்டக்காரர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். வினேஷ் போகத் 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் முட்டி முறுக்கி ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். நம்ம ஜடேஜாவுக்கு 2022 செப்டம்பரில் முட்டி ஆபரேஷன். அந்த அக்டோபரில் ஆரம்பித்த டி20 உலகக் கோப்பையை டி.வி.யில்தான் பார்த்திருப்பார். 2023 ஜனவரியில் சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டுக்கு எதிராக ஒரு ரஞ்சி ஆட்டம் ஆடிப் பார்த்து, ஒரு இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்துவிட்டுத்தான் டெஸ்டுக்குப் போனார். உலகக் கோப்பையே காத்திருக்கும்போது நம்ம ஜோனல் மேட்ச் காத்திருக்காதா?

அடிபட்டவுடன் என்ன செய்யலாம்?

ஐஸ் வை, அழுத்திக் கட்டு, உயர்த்தி வை, ஓய்வு எடு என்பது 1978-ல் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர் சொல்லிவைத்தது. உலகமே மனப்பாடம் செய்த அந்தப் பாடத்தில், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு அவரே மாற்றிச் சொன்னார். இப்போதைய வழக்கம் சுருக்கமாக இது:

முதல் இரண்டு மூன்று நாள் அந்த இடத்துக்குப் பாரம் குறைத்து, உயர்த்தி வைத்து, மிதமாகக் கட்டுப் போட்டுக் காப்பாற்றவேண்டும். வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிஷம் வைக்கலாம். அது வலிக்கு மட்டும்தான், மருந்தென்று நினைக்கவேண்டாம். வெந்நீர் ஒத்தடம், அழுத்தி உருவிவிடுவது இரண்டும் அந்த நாட்களில் கூடாது. அதற்கப்புறம் படுத்தே கிடக்கக் கூடாது. வலி அனுமதிக்கிற அளவுக்கு மெதுவாக அசைக்கவேண்டும், பாரம் ஏற்றவேண்டும்.

கணுக்கால் பிசகினால் எக்ஸ்ரே வேண்டுமா என்பதற்குக் கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் ஒரு எளிய விதி வகுத்தார்கள். நாலு அடி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இரண்டு பக்க மொழி எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். பாதத்தின் நடுவில் எலும்பைத் தொட்டால் வலித்தாலும் அப்படியே. முட்டிக்கு நான் ஏற்கனவே சொன்ன மூன்று: சத்தம், சீக்கிர வீக்கம், நழுவுகிற உணர்வு.

வராமல் தடுக்க

நாம் வார்ம்-அப் என்று செய்வது என்ன? மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு, குனிந்து கால் விரலைத் தொடுவது, அப்புறம் "கபடி கபடி". கால்பந்துக்காரர்களுக்கு ஃபிஃபா 11+ என்று 20 நிமிஷப் பயிற்சி இருக்கிறது. ஓட்டம், ஒற்றைக் கால் சமநிலை, தாவி இறங்குவது, தொடை பலம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் சுமார் 1,900 பேரிடம் இதைச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பலத்த காயங்கள் ஏறக்குறைய பாதியானது. காசு கிடையாது, கருவி கிடையாது. பெண்களுக்கு ஏ.சி.எல். அறும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம் என்பதால் நம்ம கேர்ள்ஸ் டீம் இதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

இன்னொன்று தொடையின் பின்தசைக்கு. மண்டியிட்டு நில்லுங்கள், நண்பன் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும், முதுகை நேராக வைத்து மெது... மெதுவாக முன்னால் சாயுங்கள். நார்டிக் பயிற்சி. இதைச் செய்கிற அணிகளில் பின்தொடைப் பிடிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. முதல் நாள் எல்லோரும் மூக்கில் விழுவீர்கள், பரவாயில்லை.

தாவி இறங்கும்போதும் திரும்பும்போதும் முட்டி கால் விரல் பார்க்கிற திசையிலேயே இருக்கட்டும், உள்பக்கம் சாயவேண்டாம். கண்ணாடி முன் பழகினால் வரும். அப்புறம் நம்ம ஊர் டோர்னமென்ட். ஒரே ராத்திரியில் நாலு மேட்ச், தூக்கம் கிடையாது, சாப்பாடு பரோட்டா. விடியற்காலை மூன்று மணி ஃபைனலில்தான் கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகிறது. அது தலைவிதி இல்லை, களைப்பு.

கடைசியாக

அடுத்த வாரம் ஜோனல் மேட்ச். ஃபைனல் இயர், இதுதான் என் கடைசி ஜோனல். ஜெயித்தால் சர்டிஃபிகேட் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு உதவும். கேப்டன் நேற்று ராத்திரி வந்து, "மச்சி, ரெண்டே ரைடு. போனஸ் மட்டும் எடுத்துட்டு வந்துடு" என்றான். எனக்கு எட்டு மாதம் முடியப்போகிறது, முட்டி 84-ல் நிற்கிறது. முடியாது என்றேன். "என்னடா, பயந்துட்டியா?" என்றான்.

அண்ணன் ஞாபகம் வந்தது. "ஆமா மச்சி, பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நார்டிக் பயிற்சிக்குக் கால் பிடிக்கச் சொன்னேன். திட்டிக்கொண்டேதான் பிடித்தான். பெஞ்சில் உட்கார்ந்து கத்தப்போகிறேன். வருத்தம் இல்லை என்றால் பொய்.

ஊரில் அண்ணன் தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நாற்பது முறை உட்கார்ந்து எழுகிறான். அப்பா பக்கத்தில் நின்று எண்ணுகிறாராம். சில நாள் முப்பதுக்கு அப்புறம் கணக்கை விட்டுவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கிறார் என்று அண்ணன் போனில் புலம்புகிறான் :)

அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் இன்று டாக்டரிடம் போயிருக்கிறான். வெறும் சுளுக்காகவே இருக்கட்டும்.

டிஸ்கி: நான் மெக்கானிக்கல் மாணவன், டாக்டர் இல்லை. என் முட்டிக்குச் சொன்னது உங்கள் முட்டிக்குப் பொருந்தவேண்டும் என்று இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்களே வைத்தியம் பார்க்காமல், பார்க்கவேண்டியவரைப் போய்ப் பாருங்கள்.